தை மாதத்துச் செலரியும் சித்திரை மாதத்துச் செலரியும்

கடந்த ஏப்ரல் மாதத்தில் கோயம்புத்தூரில் உள்ள என் தங்கையின் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது, அவள் கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியாக வரவழைத்த காய்கறிப் பையில், தண்டும் தழையுமாகக் கட்டி விற்கும் மேல்நாட்டுக் காயான செலரியும் ஒரு கட்டு இருந்தது. ‘ஊட்டி செலரி, முதல் தரம்’ என்று அச்சிட்ட தாள் அதன்மேல் ஒட்டியிருந்தது. பார்வைக்கு நல்ல கரும்பச்சை, தழை வாடவில்லை, அடிவெட்டும் புதிதாகவே இருந்தது. ஆனால் வெளித்தண்டு ஒன்றை எடுத்து ஒடித்தபோது அது ஒடியாமல் மடிந்தது. இழுத்துப் பார்த்தால் இரு துண்டுகளும் பிரியாமல், வாழைநாரைப் போன்ற நான்கைந்து இழைகளில் தொங்கின. குறுக்கே நறுக்கினால் நடுவில் நெட்டி பாய்ந்து வெள்ளைப் பஞ்சாக இருந்தது. மென்றவுடன் முதலில் உப்புக் கரித்து, பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு வந்து தங்கியது. வெந்நீர் குடித்த பிறகும் அது போகவில்லை. தங்கையும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “செலரின்னாலே இப்படித்தான் இருக்கும்க்கா, மருந்து மாதிரி” என்றாள்.

அவள் சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்குச் சரியாக மூன்று மாதங்களுக்கு முன், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமையன்று, உதகையில் நான் வாங்கிய செலரியும் இதே மலையில் விளைந்ததுதான். அதைச் சமைக்கக்கூட மனம் வராமல், பாதிக் கட்டை வீடு திரும்பும் பேருந்திலேயே பச்சையாகத் தின்றுவிட்டேன். பெயர் ஒன்று, மலை ஒன்று. சுவையில் மட்டும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படியானால் ‘ஊட்டி செலரி எப்படி இருக்கும்?’ என்று கேட்பவருக்கு, எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்காமல் நேர்மையாக விடை சொல்ல முடியாது. இந்த மதிப்புரையில் நான் நீலகிரிச் செலரியை மாதம் வைத்தே மதிப்பிடுகிறேன்; அதனோடு சேர்த்து வாங்கிவந்த வேறு சில காய்களையும் தொட்டுச் செல்கிறேன்.

நான் குன்னூரில் வசிக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் சுவை பார்க்கும் அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எடை போட்ட தூள், அளந்த கொதிநீர், மணி பார்த்த நிமிடம் என்று எல்லாவற்றையும் ஒன்றுபோல வைத்துக்கொண்டு, தேயிலை மட்டும் மாறும்படி செய்து சுவைப்பது அந்த அறையின் முறை. அதே பழக்கத்தில்தான் சென்ற அக்டோபர் முதல் இந்த செப்டம்பர் வரை, மாதம் ஒரு ஞாயிறு காலையில் உதகைக்குப் போய், ஒரே விவசாயியிடம் ஒரு செலரிக் கட்டு வாங்கி, அன்றைக்கே மூன்று விதமாகச் சுவைத்துக் குறித்துவைத்தேன். வெளித்தண்டு ஒன்றைப் பச்சையாகவும், நடுக்குருத்து ஒன்றைப் பச்சையாகவும் தின்று பார்ப்பேன். மீதியில் கால் கிலோவை வெண்ணெயில் வதக்கி, உப்பும் ஓர் உருளைக்கிழங்கும் தவிர வேறெதுவும் சேர்க்காமல் சூப்பு வைப்பேன். மிளகு சேர்ப்பதில்லை, ஏனென்றால் மிளகு காயின் குறைகளை மறைத்துவிடும்.

வாங்கிய இடம் உதகை சேரிங்கிராஸ் பகுதியில் உள்ள உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம், விளைவிப்பவரே நேரில் நின்று விற்க வேண்டும் என்பதற்காக வந்தது. அடையாள அட்டை பெற்ற விவசாயிக்குக் கடை வாடகை கிடையாது. அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படும். விலை மலிவு என்பதற்காக மக்கள் அங்கே போகிறார்கள், அது நியாயமே. ஆனால் சுவையைத் தேடிப் போகிறவருக்கு அங்கே கிடைக்கும் பெரிய ஆதாயம், அந்தக் கட்டு எப்போது நடப்பட்டது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் தராசுக்குப் பின்னால் நிற்பதுதான். மண்டி, லாரி, கிடங்கு, செயலி என்று நான்கு கை மாறி வரும் காயிடம் அந்தத் தகவல் முதல் கையிலேயே தங்கிவிடுகிறது. நான் வழக்கமாக வாங்கும் அம்மையார் ஏப்ரலில் என்னிடம் கட்டைக் கொடுக்கும்போதே, “இது பனியில நட்டு வெயில்ல முத்தினதுங்க. சூப்புக்கு ஆகும், பச்சையா தின்னா உங்களுக்குப் பிடிக்காதுங்க” என்று சொல்லித்தான் கொடுத்தார். விற்கிறவர் இவ்வளவு சொல்லிவிட்டால் வாங்குகிறவர் ஏமாறுவதற்கு வழியே இல்லை.

இனி, ஜனவரிக் கட்டைப் பற்றிச் சொல்கிறேன். அது செப்டம்பர் கடைசியில் நாற்றுப் பிடுங்கி நட்டது. செலரிக்குப் பொறுமை மிகவும் வேண்டும். ஒரு கிராமில் 2,000-க்கும் மேல் பிடிக்கும் அளவுக்கு அதன் விதை பொடி. முளைக்கவே இரண்டு மூன்று வாரம் எடுக்கும். நாற்றங்காலில் இரண்டு மாதம் இருந்து, நட்ட பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் நின்றால்தான் தண்டு தேறும். செப்டம்பர் கடைசியில் நட்ட நாற்று, வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் வேர் பிடித்து, மழை ஓய்ந்த டிசம்பரில் தெளிந்த வெயிலைப் பகலிலும், கடுங்குளிரை இரவிலும் வாங்கிக்கொண்டு முதிர்ந்தது. அந்தத் தண்டை ஒடித்தபோது சுள்ளி முறிவதுபோல் ஓசை வந்தது. முறிந்த இடத்தில் நீர்த்துளிகள் ஊசிமுனை அளவில் வரிசையாகப் பூத்தன. நார் என்று ஒன்று இருந்ததே பல்லுக்குத் தெரியவில்லை. முதலில் இனிப்பு, அதற்குள்ளேயே மெல்லிய உப்பு, விழுங்கிய பிறகு மூக்கில் ஏறும் அந்தப் பச்சை மணம் என்று மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நடுக்குருத்து வெளிறிய மஞ்சளாக, ஏறக்குறைய இளம் கடலையின் இனிப்போடு இருந்தது. சூப்பில் பாலோ சோளமாவோ சேர்க்கத் தோன்றவில்லை.

இதற்குக் காரணம் மலையின் பொதுப் பெருமை அல்ல. குறிப்பிட்ட அந்த மாதங்களின் வெப்பநிலை. செலரி 15 முதல் 20 டிகிரி வரையிலான பகல் குளிர்ச்சியை விரும்பும் பயிர். பகலில் இலை வெயிலை வைத்துச் சர்க்கரை செய்கிறது. செலரியில் அதோடு மானிட்டால் என்னும் இன்னோர் இனிப்புப் பொருளும் உருவாகித் தண்டுக்கு இறங்குகிறது. இரவு வெப்பமாக இருந்தால், செடி உயிர்ப்பதற்காகவே தான் சேர்த்ததில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடும். இரவு குளிர்ந்திருந்தால் செலவு குறைவு, சேமிப்பு அதிகம். அதோடு குளிரில் வளர்ச்சி நிதானமாக நடப்பதால் தண்டின் நார்க்கற்றைகள் அவசரமாக முற்றுவதில்லை. செலரிக்கே உரிய மணத்தைத் தருகிற ஃப்தாலைடு என்னும் பொருள்கள் எல்லாக் காலத்திலும் அதில் உண்டு. இனிப்பும் நீரும் போதுமான அளவில் உடன் நிற்கும்போது நாம் அதை மணம் என்கிறோம்; அவை குறைந்து அது மட்டும் தூக்கலாக நின்றால் மருந்து நெடி என்கிறோம். தங்கை சொன்ன ‘மருந்து மாதிரி’ என்பதற்குப் பொருள் இதுதான்.

அதே நிலத்தில், அதே விதையிலிருந்து வந்த ஏப்ரல் கட்டுக்கு நேர்ந்தது வேறு. ஜனவரியில் நட்ட இளநாற்று, உறைபனி விழும் இரவுகளை முதலில் சந்திக்கிறது. செலரி இயல்பில் ஈராண்டுப் பயிர். முதலாண்டு தழைத்து, குளிர்காலம் கழிந்தபின் மறு ஆண்டு பூத்து விதை விடும். இளம் பருவத்தில் ஒரு வாரம் பத்து நாள் 10 டிகிரிக்குக் கீழ் நின்றுவிட்டால், குளிர்காலம் ஒன்று முடிந்தது என்று அதன் உடம்புக்குள் பதிவாகிவிடுகிறது. அதன்பின் மார்ச் வெயில் ஏறியதும் நடுவிலிருந்து பூத்தண்டு கிளம்ப ஆயத்தமாகும். சேர்த்ததெல்லாம் பூவுக்குப் போகும். தண்டு நாரேறிக் கசக்கும். இதோடு தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்துகொள்கிறது. செலரியின் வேர் ஆழமாகப் போகாதது. மேல்மண் இரண்டு நாள் காய்ந்தாலே தண்டின் நடுத்திசு நெட்டியாகிவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மலையிலும் ஓடைகள் மெலிந்துவிடுவதால், கிணறோ குட்டையோ உள்ள நிலம்தான் தப்பிக்கிறது. என் குறிப்பேட்டில் ஏப்ரல் பக்கத்தில் ‘வெளித்தண்டு: தள்ளுபடி, குருத்து: பரவாயில்லை, சூப்பு: வடிகட்டினால் குடிக்கலாம்’ என்று எழுதியிருக்கிறேன். தங்கை வீட்டில் நான் தின்றது இந்தக் கட்டைவிட ஒரு படி மோசம், ஏனென்றால் அது கோவை வெயிலில் ஒரு பயணமும் செய்திருந்தது.

வருத்தம் தரும் செய்தி என்னவென்றால், இந்த மிக மோசமான செலரிக்கு நான் கொடுத்த விலைதான் ஆண்டிலேயே அதிகம். ஜனவரி விலையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. கோடை சீசன் தொடங்கி, மலர்க் கண்காட்சிக்கு ஆட்கள் மலையேறும் காலத்தில் விடுதிகளின் சமையலறைகள் கட்டுக்கட்டாக வாங்குகின்றன, வரத்தோ குறைவு. கோடையில் உதகைக்கு வந்து, ‘மலைக்காய் இங்கேயே தின்றால் அமிர்தமாக இருக்கும்’ என்று நம்பிச் செலரி வாங்குகிற பயணிகள், அந்தக் காய் தன் நல்ல முகத்தைக் காட்டாத மாதத்தில் அதைச் சந்திக்கிறார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள்: மே மாதத்தில் உதகைக்கு வந்தால் பிளம்ஸ் வாங்குங்கள், அதுவும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன் பழுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். அந்த நாள்களில் அது நிறம் ஏறித் தேனாக இருக்கும்; மழை குடித்த பின் நீர்த்துவிடும். செலரியைக் குளிர்காலத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் வாங்கிய கட்டுகள் மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. நீலகிரியில் காய்கறிச் சாகுபடியைக் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்றாகச் சொல்வார்கள்; பருவமழையை நம்பியது கார்போகம், பாசனத்தை நம்பியது நீர்போகம். கார்போகச் செலரி கட்டுக்கு நல்ல கனம். தண்டு பருத்து, நீண்டு, பார்ப்பதற்கு ஆண்டிலேயே அழகானது இதுதான். ஒடித்தால் ஒடியும், நாரும் அதிகமில்லை, கசப்பும் இல்லை. ஆனால் சுவையும் இல்லை. வாரக்கணக்கில் மேகம் மூடி நிற்கும்போது இலைக்கு வெயில் போதாது, சர்க்கரை சேராது. வேரோ நிற்காமல் தண்ணீரை இழுக்கிறது. ஆகவே தண்டில் உள்ளது பெரும்பாலும் மழைத்தண்ணீர்தான். தழையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்ததால் அதில் பாதியைக் கிள்ளி எறிய வேண்டியிருந்தது. பச்சையாகத் தின்றால் சப்பென்று இருந்தது. சூப்புக்கு இரண்டு மடங்கு செலரி போட்டும் மணம் எழவில்லை. இதைக் குறை என்று கடிந்து சொல்லமாட்டேன். நூடுல்ஸிலோ வறுத்த சோற்றிலோ பிற பொருள்களோடு கலக்க இது போதும். மழைக்காலக் கட்டை வாங்கியதும் அகலமான பாத்திரத்தில் அதிகத் தீயில் வதக்கி, நீரைப் பாதி வற்ற விட்ட பிறகே சமைக்க வேண்டும் என்பது நான் இரண்டு சூப்புகளைக் கெடுத்துக் கற்றது.

செப்டம்பர் கட்டு ஜனவரிக்கு அடுத்தபடி நல்லது. அக்டோபர், நவம்பர் கட்டுகளில் சொல்வதற்கு அதிகமில்லை. மழை வாரமா, வெயில் வாரமா என்பதைப் பொறுத்து ஏறி இறங்கின.

குருத்து ஏன் எல்லா மாதத்திலும் வெளித்தண்டைவிட இனிக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். “வெளிச்சம் படாததுதாங்க காரணம், மண்ணு அணைச்சா எல்லாத் தண்டும் குருத்து மாதிரி ஆகும், ஆனா கூலி யாரு குடுக்கறது” என்றார் அந்த அம்மையார். அவர் சொன்னது முற்றிலும் சரி. வெளிச்சம் படாத தண்டில் பச்சையம் குறைகிறது, கசப்பும் குறைகிறது. இங்கிலாந்தின் கிழக்கே, வடிகட்டிய சதுப்புநிலமான ஃபென்லாந்துப் பகுதியில், கருப்பு மண்ணில் அகலமான வரிசைகளாகச் செலரியை நட்டு, வளர வளரத் தண்டைச் சுற்றி மண் அணைத்துக்கொண்டே போவார்கள். அந்த மண் வெளிச்சத்தையும் மறைக்கிறது, உறைபனியிலிருந்தும் காக்கிறது. அப்படி விளைந்த வெளிறிய செலரி ‘ஃபென்லாந்து செலரி’ என்னும் பெயரில் 2013-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. அது அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் சந்தைக்கு வரும். ஆண்டின் மற்ற மாதங்களில் இங்கிலாந்தில் சாதாரணப் பச்சைச் செலரி கிடைக்கும், குளிர்காலத்தில் ஸ்பெயினிலிருந்தும் வரும்; ஆனால் அந்தப் பெயரில் வராது. பெயரோடு காலத்தையும் சேர்த்து விற்பது நடக்கக்கூடியதுதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

செலரி நம் வீடுகளுக்குப் புதியது, கேரட் அப்படியல்ல. அதனால் இந்த வேறுபாட்டைத் தாங்களே சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் கேரட்டில் தொடங்கலாம். உதகைக்கு அருகே கேத்தி பாலாடா பக்கம் விடியற்காலையில் போனால், இரவோடு இரவாகப் பிடுங்கிய கேரட் மூட்டைகள் கழுவும் இயந்திரங்களில் புரண்டு செம்மண் நீங்கி வெளிவருவதையும், அங்கிருந்தே மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏறுவதையும் காணலாம். பிப்ரவரியில் அங்கே வாங்கிய கேரட்டைத் துருவி, தேங்காய் மட்டும் போட்டுப் பொரியல் செய்தேன். சர்க்கரை போட்டாயா என்று வீட்டில் கேட்டார்கள். மே மாதக் கேரட் அதே நிறம், அதே நீளம். ஆனால் நடுத்தண்டு தடித்து, தோலருகே சோப்பு வாடைபோல் ஒரு காறல் இருந்தது. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் கேரட்டை 9 டிகிரியிலிருந்து 21 டிகிரி வரை ஐந்து வெப்பநிலைகளில் தனித்தனியே வளர்த்துச் சுவைத்துப் பார்த்திருக்கிறார்கள். குளிரில் வளர்ந்தது இனிப்பும் சாறும் மொறுமொறுப்புமாக இருந்தது. வெப்பத்தில் வளர்ந்ததில் கசப்பும் காறலும் ஏறின. அந்தக் காறலுக்குக் காரணமான டெர்பீன் என்னும் மணப்பொருள்கள் வெப்பம் ஏற ஏறக் கூடுகின்றன. என் நாக்கு பிப்ரவரியிலும் மே மாதத்திலும் கண்டதும் இதையே. கேரட்டில் பருவத்துக்குத் தொடர்பில்லாமல் நம் கையாலேயே வரும் கசப்பு ஒன்றும் உண்டு: வாழைப்பழத்தோடும் ஆப்பிளோடும் ஒரே கூடையில் வைத்தால், பழம் விடும் எத்திலீன் வாயு பட்டுக் கேரட் கசக்கத் தொடங்கும். விவசாயியைக் குறை சொல்லும் முன் கூடையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முள்ளங்கியில் வெயில் காரமாகவே தெரியும். குளிர்கால முள்ளங்கியைப் பச்சையாகத் தின்ன முடியும்; கோடை முள்ளங்கி மூக்கைப் பிடுங்கும், உள்ளே பஞ்சும் பாயும். லெட்யூஸ் கோடையில் பூத்தண்டு விட்டதும் அதன் பால் கசக்கும். அப்போது அதை வாங்கவே வேண்டாம். முட்டைக்கோசு உறைபனிக் காலத்தில் இனிக்கும், ஏனென்றால் செடி தன் உடம்பில் உள்ள நீர் எளிதில் உறையாதிருக்கச் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கிறது. ஊட்டிப் பட்டாணிக்கு நாளும் முக்கியம், நேரமும் முக்கியம். பறித்த நொடியிலிருந்து அதன் சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே இருக்கிறது, வெப்பம் கூடினால் இன்னும் விரைவாக. சந்தை வாசலிலேயே உரித்துத் தின்ற பட்டாணிக்கும், அதே பை மறுநாள் மாலையில் குன்னூரில் என் அடுப்படியில் தந்த சுவைக்கும் இடையில் ஒரு முழு வகுப்பு வித்தியாசம் இருந்தது.

சமவெளியின் தக்காளியும் இதே கணக்கில் வருகிறது. கிணத்துக்கடவிலிருந்தும் உடுமலையிலிருந்தும் வரும் தக்காளி, வெயில் அடித்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரசத்துக்குப் புளியையே குறைக்க வைக்கும். ஐப்பசி அடைமழையில் பறித்தது தோல் வெடித்து, வெறும் தண்ணீராக இருக்கும். ஆனால் நல்ல மாதத்துத் தக்காளியையும் குளிர்பெட்டியில் வைத்து நாமே கெடுக்கிறோம். 2016-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஒரு வாரம் 5 டிகிரியில் இருந்த தக்காளியில் மணத்தை உண்டாக்கும் மரபணுக்களின் வேலை முடங்கிவிடுகிறது. வெளியே எடுத்து வைத்தாலும் அது முழுமையாகத் திரும்புவதில்லை. வயலில் குளிர் கேரட்டுக்கு அழகு. பறித்தபின் குளிர் தக்காளிக்குப் பகை. ஆகவே காய் காயாகப் பார்க்காமல் குளிர் நல்லது, வெயில் கெட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

இந்த ஓராண்டு முழுவதும் என் மனத்தில் ஓடியது, நான் வேலை பார்த்த அறைதான். நீலகிரித் தேயிலையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பனிக்காலத்தில் கிள்ளிய கொழுந்துக்கு என்றுமே தனி மதிப்பு. குளிரில் கொழுந்து மெதுவாக விடும், எடை குறையும், ஆனால் கோப்பையில் பூ மணம் எழும். அதைப் பனிக்காலத் தேயிலை என்று பெயர் சொல்லித் தனியாகவே விற்கிறார்கள். மழைக்காலத் தூளை அந்தப் பெயரில் யாரும் விற்கமாட்டார்கள், விற்றால் சுவை பார்க்கிறவர் ஒரே உறிஞ்சலில் கண்டுபிடித்துவிடுவார். அதே மலைச்சரிவில், தேயிலைக்குப் பக்கத்து வயலில் நிற்கும் செலரிக்கும் கேரட்டுக்கும் மட்டும் ஆண்டு முழுவதும் ‘ஊட்டி, முதல் தரம்’ என்ற ஒரே சீட்டு. அந்தச் சீட்டில் நட்ட மாதமும் அறுத்த தேதியும் இரண்டே வரியாக இருந்தால், ஏப்ரல் கட்டை என் தங்கை சூப்புக்கு மட்டும் வாங்கியிருப்பாள்; செலரியைப் பற்றி அவள் தவறான முடிவுக்கு வந்திருக்கமாட்டாள். நல்ல பனிக்காலச் செலரியை விளைவித்தவருக்கும் அதற்குரிய விலை கிடைத்திருக்கும். விற்பனைச் செயலி நடத்துகிறவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல. கொள்முதல் செய்யும்போது விவசாயியிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

என் மதிப்பீட்டைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடுவரை அறுக்கும் நீலகிரிச் செலரி, நான் சுவைத்த காய்களிலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. அதற்காக மலையேறி வரலாம், அல்லது வருகிறவரிடம் சொல்லி அனுப்பலாம். செப்டம்பர் கட்டை நம்பி வாங்கலாம். ஜூலை, ஆகஸ்டில் கலவைச் சமையலுக்கு மட்டும். மார்ச் கடைசி முதல் மே வரை, குருத்து வேண்டுமென்றாலொழிய வாங்க வேண்டாம். எந்த மாதமானாலும் வாங்கும்போது ஒரு வெளித்தண்டை ஒடித்துப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். கட்டின் நடுவே விரலை விட்டுப் பாருங்கள், குருத்துக்கிடையில் கெட்டியான உருண்டைக் காம்பு தட்டுப்பட்டால் அது பூத்தண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தழையை நறுக்கித் தனியே வையுங்கள், இல்லாவிட்டால் அது தண்டின் நீரை உறிஞ்சிவிடும். தண்டை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்தால் பத்து நாள் நிற்கும். வாடிவிட்டால் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டால் மொறுமொறுப்பு திரும்பும். ஆனால் நாரும் கசப்பும் எந்த நீரிலும் போகாது. தழையை எறிந்துவிட வேண்டாம். பனிக்காலத் தழையைக் கொத்தமல்லிக்குப் பதிலாகத் துவையலில் அரைத்தேன். உளுந்தும் வரமிளகாயும் வறுத்துச் சேர்த்தால், சுடுசோற்றுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

போன ஞாயிறு சந்தைக்குப் போனபோது, அந்த அம்மையார் நாற்றங்காலில் புதிய நாற்றுகள் விரல் உயரம் வந்துவிட்டன என்றும், புரட்டாசி முதல் வாரத்தில் நடப்போவதாகவும் சொன்னார். பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கு நான்கு கட்டுகள் எனக்காக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அவற்றில் இரண்டு அன்றைக்கே தங்கை வீட்டுக்குப் போகும்.